கை, கால் வீக்கம்: கிட்னியைச் சந்தேகிக்கும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி இதுதான்: "சில வாரங்களாகச் சாயங்காலமானால் இரண்டு காலும் வீங்குகிறது. காலையில் எழுந்தால் விரல்கள் இறுகி, மோதிரத்தைக் கழற்ற வரவில்லை. பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். கிட்னி போய்விட்டதா?"

கை கால் வீங்கினாலே எல்லோருக்கும் முதலில் கிட்னி ஞாபகம்தான் வருகிறது. கிட்னியும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் வீக்கம் என்பது ஒரு நோயின் பெயர் அல்ல. எந்தப் பக்கம் வீங்குகிறது, எந்த நேரத்தில் கூடுகிறது, எவ்வளவு வேகமாக வந்தது, கூடவே வேறு என்ன வந்தது என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். ரத்தப் பரிசோதனையெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

முதலில், நீர் ஏன் தேங்குகிறது என்று சுருக்கமாகப் பார்ப்போம். உடலின் மிக நுண்ணிய ரத்தக்குழாய்களிலிருந்து நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக நீர் திசுக்களுக்குள் கசிந்துகொண்டேதான் இருக்கிறது. அப்படிக் கசிந்ததை நிணநீர்க் குழாய்கள் திரட்டி மறுபடி ரத்தத்தில் சேர்த்துவிடும். ரத்தத்தில் இருக்கும் அல்புமின் என்ற புரதம், நீரை உள்ளேயே இழுத்துப் பிடித்து வைக்கும். இந்தக் கணக்கு எங்கே தவறினாலும் வீக்கம் வரும். இதயத்துக்கு ரத்தத்தைத் திரும்பக் கொண்டுபோகும் சிரைகளில் அழுத்தம் ஏறலாம். அல்புமின் குறையலாம். தொற்றாலோ ஒவ்வாமையாலோ குழாய்ச் சுவர் அதிகமாகக் கசியலாம். நிணநீர் வழி அடைபடலாம். இதயமோ சிறுநீரகமோ கல்லீரலோ பழுதானால், உடல் உப்பையும் நீரையும் வெளியே விடாமல் சேர்த்து வைப்பதும் இதோடு சேர்ந்துகொள்ளும்.

உடல் முழுக்க நீர் சேரும்போது இரண்டு மூன்று லிட்டர் கூடிய பிறகுதான் வீக்கமாகக் கண்ணுக்குத் தெரியும். அதற்கு முன்பே எடை ஏறியிருக்கும். அதனால் வீட்டில் எடை பார்க்கும் கருவி இருந்தால், தினமும் காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடும் முன் நின்று பார்த்து எழுதி வையுங்கள். டாக்டருக்கு அந்த ஒரு தாள் மிகவும் உதவும்.

அடுத்து, காலை அழுத்திப் பாருங்கள். கணுக்காலுக்குச் சற்று மேலே, முன்பக்க எலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து ஐந்து பத்து வினாடி அழுத்தி எடுக்க வேண்டும். தொட்டுவிட்டு எடுத்தால் ஒன்றும் தெரியாது. கீழே கெட்டியாக எலும்பு இருப்பதால்தான் அந்த இடம். சதையில் அழுத்தினால் பள்ளம் சரியாகத் தெரியாது. பள்ளம் விழுந்து மெதுவாக நிரம்பினால் உள்ளே இருப்பது நீர். பள்ளமே விழாமல் தோல் கெட்டியாக இருந்தால் தைராய்டு, நாள்பட்ட நிணநீர் அடைப்பு, கொழுப்பு என்று வேறு திசையில் யோசிக்க வேண்டும். சாக்ஸின் விளிம்பு பதிந்த தடம் எல்லோருக்கும் வருவதுதான். அதை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

ஒரு கால் மட்டும் வீங்கினால் கதையே வேறு. மிச்ச எல்லாவற்றையும் ஒத்திவைத்துவிட்டு இதை முதலில் பார்க்க வேண்டும். இதயம், சிறுநீரகம், கல்லீரல் ஆகியவற்றால் வரும் வீக்கம் பொதுவாக இரண்டு காலிலும் வரும். ஒரு கால் மட்டும் சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ வீங்கி, கெண்டைக்கால் வலித்து, தொட்டால் சூடாக இருந்தால், காலின் ஆழத்தில் ஓடும் சிரையில் ரத்தம் உறைந்திருக்கிறதா என்ற சந்தேகம் வர வேண்டும். சமீபத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், காலில் மாவுக்கட்டு போட்டவர்கள், பல நாள் படுக்கையில் இருந்தவர்கள், நீண்ட நேரம் உட்கார்ந்தபடி பயணம் செய்தவர்கள், கர்ப்பிணிகள், பிரசவமாகிச் சில வாரங்களே ஆனவர்கள், ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள் ஆகியோருக்கு இந்த ஆபத்து அதிகம். ஆனால் இவற்றில் ஒன்றுகூட இல்லாதவர்களுக்கும் வருவதுண்டு.

கண்ணால் பார்த்துச் சொல்ல முடியவில்லை என்றால் டேப் வைத்து அளக்கலாம். முட்டிக்குக் கீழே முன்பக்கம் கைக்குத் தட்டுப்படும் எலும்பு மேட்டிலிருந்து 10 செ.மீ. கீழே, இரண்டு கெண்டைக்காலின் சுற்றளவையும் எடுங்கள். வித்தியாசம் 3 செ.மீ.க்கு மேல் இருந்தால் டாக்டர்களே அதை ஒரு முக்கியக் குறியாக எடுத்துக்கொள்வார்கள். அதற்காக, வித்தியாசம் குறைவாக இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. சிரையில் ரத்தம் ஓடுவதைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எடுத்தால்தான் உறுதியாகும். அந்தக் காலை நீவிவிடுவது, எண்ணெய் போட்டு உருவுவது எதுவும் வேண்டாம். உறைந்த கட்டி பிய்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. கால் வீக்கத்தோடு திடீரென்று மூச்சுத்திணறல், மூச்சை இழுத்தால் நெஞ்சில் குத்துவது, இருமலில் ரத்தம், மயக்கம் என்று ஏதாவது ஒன்று வந்தால் நேராக அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கும் விஷயமல்ல இது.

ஒரு கால் சிவந்து, சூடாகி, குளிர்காய்ச்சலோடு வீங்கினால் அது தோலுக்கு அடியில் பரவும் தொற்றாக இருக்கலாம். விரலிடுக்கில் புண்ணோ கால் வெடிப்போ கிருமிக்கு வாசலாக இருந்திருக்கும். சர்க்கரை நோயாளிகள் இதை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. ஆனால் இரண்டு காலும் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி சிவந்திருந்தால் அது தொற்றாக இருக்கும் வாய்ப்பு குறைவு. சிரைகளில் ரத்தம் தேங்கித் தோல் அழற்சியானதைத் தொற்று என்று நினைத்துத் திரும்பத் திரும்ப ஆன்டிபயாடிக் சாப்பிடுபவர்கள் நிறையப் பேர். அப்புறம், கால் கட்டைவிரலின் அடிமூட்டு ராத்திரியோடு ராத்திரியாகச் சிவந்து, போர்வை பட்டாலே உயிர் போகிற மாதிரி வலித்தால், யூரிக் அமிலத்தால் வரும் கவுட் நினைவுக்கு வர வேண்டும்.

இனி உங்களுடையதைப் போல இரண்டு காலிலும் வரும் வீக்கம். வயதானவர்களிடமும், நாள் முழுக்க நின்றே வேலை செய்பவர்களிடமும் அதிகம் பார்ப்பது சிரை வால்வுகளின் பலவீனம். காலிலிருந்து ரத்தம் மேலே ஏறும்போது மறுபடி கீழே வழியாமல் தடுக்க, சிரைகளுக்குள் ஒருவழிக் கதவு மாதிரி வால்வுகள் இருக்கின்றன. அவை தளர்ந்துபோனால் ரத்தம் கீழேயே தேங்கும். சாயங்காலம் கால் கனக்கும், வீங்கும்; ராத்திரி படுத்து எழுந்தால் வடிந்திருக்கும். சிலருக்குத் தோலுக்கு அடியில் முறுக்கிக்கொண்ட வெரிகோஸ் வெயின் தெரியும், சிலருக்கு வெளியே ஒன்றுமே தெரியாது. வருடக்கணக்கில் கவனிக்காமல் விட்டால் கணுக்காலின் உள்பக்கம் தோல் பழுப்பாகி, அரித்து, ஆறாத புண்ணில் போய் முடியும். உடல் பருமனும் உட்கார்ந்தே இருக்கும் வேலையும் இதைக் கூட்டும். நடக்கும்போது கெண்டைக்கால் தசை இறுகி ரத்தத்தை மேலே தள்ளுகிறது. நாற்காலியிலேயே இருந்தால் அந்த வேலை நடப்பதில்லை.

அடுத்ததைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இது கண்ணெதிரே இருந்தும் தவறிப்போகிறது. நீங்கள் சாப்பிடும் பிரஷர் மாத்திரையின் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். அம்லோடிபின், நிஃபெடிபின் என்று இருக்கிறதா? இவை மிக நல்ல மருந்துகள், கோடிக்கணக்கானவர்கள் சாப்பிடுகிறார்கள். ஆனால் கால் வீக்கம் இவற்றின் பேர்போன பக்கவிளைவு. உள்ளே ரத்தம் கொண்டுவரும் தமனிகளை இந்த மருந்து விரிக்கிறது; வெளியே கொண்டுபோகும் சிரைகளை அந்த அளவுக்கு விரிப்பதில்லை. அழுத்தம் நுண்குழாய்களில் ஏறி நீர் கசிகிறது. 5 மி.கி.யைவிட 10 மி.கி.யில் அதிகம், ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். மாத்திரை தொடங்கி வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் கழித்தும் வரும். அதனால்தான் யாருக்கும் அதன் மேல் சந்தேகம் வருவதில்லை.

இங்கே ஒரு வேடிக்கையான சங்கிலி நடக்கும். பிரஷர் மாத்திரையால் கால் வீங்கும். வீக்கத்துக்கு நீர் மாத்திரை சேர்ப்பார்கள். உடலில் நீர் கூடியதால் வந்த வீக்கமே இல்லை என்பதால் அது பெரிதாக வடியாது. ஆனால் அடிக்கடி சிறுநீர் போய், உப்புச் சத்துகள் குறைந்து, தலைசுற்றல் வரும். பிறகு தலைசுற்றலுக்கு ஒரு மாத்திரை! சரியான வழி, டாக்டரிடம் சொல்லி அளவைக் குறைப்பது, வேறு வகைக்கு மாற்றுவது, அல்லது சிரையையும் விரிக்கும் இன்னொரு பிரஷர் மருந்தைச் சேர்ப்பது. நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. கால் வீக்கம் வடிந்து பிரஷர் எகிறினால் யாருக்கு லாபம்?

அம்லோடிபின் மட்டுமல்ல. மூட்டு வலிக்கும் முதுகு வலிக்கும் தினமும் போடும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் உப்பைத் தேக்கி வைக்கும். போதாததற்குச் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு, சர்க்கரைக்கான பியோகிளிட்டசோன், நரம்பு வலிக்குத் தரும் பிரெகாபலின், கபாபென்டின், ஹார்மோன் மாத்திரைகள் எல்லாம் இந்தப் பட்டியலில் உண்டு. வேறொரு பிரஷர் மருந்துக் கூட்டமும் இருக்கிறது: எனலாபிரில், ராமிபிரில் வகை. இவற்றால் கால் வீங்குவதில்லை. ஆனால் அபூர்வமாகச் சிலருக்கு உதடு, நாக்கு, தொண்டை திடீரென்று வீங்கும். மூச்சு அடைக்கக்கூடிய அவசரம் அது. பல வருடம் ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டுக்கூட அப்படி வரலாம்.

இதயம் பலவீனமானால் வரும் வீக்கம் தனியாக வருவதில்லை. மாடி ஏறினால் மூச்சு வாங்கும். தலையணையை இரண்டு மூன்றாக அடுக்கினால்தான் படுக்க முடியும். நடுராத்திரி மூச்சு முட்டி எழுந்து உட்கார வேண்டியிருக்கும். இரண்டு மூன்று நாளில் எடை 2 கிலோ ஏறினால் அது கொழுப்பு அல்ல, நீர். எக்கோ ஸ்கேன், இ.சி.ஜி., தேவைப்பட்டால் பி.என்.பி. என்ற ரத்தப் பரிசோதனை ஆகியவற்றால் இதைக் கண்டுபிடித்துவிடலாம். பலமாகக் குறட்டை விட்டு, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருபவர்களுக்கும் நாளடைவில் நுரையீரல் ரத்தக்குழாய்களில் அழுத்தம் ஏறிக் கால் வீங்கலாம். குறட்டையையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

சரி, கிட்னி. சிறுநீரகக் கோளாறில் வீக்கம் காலில் மட்டும் நிற்காது. காலையில் எழுந்ததும் கண் இமையும் முகமும் உப்பியிருக்கும். இமைக்கு அடியில் இருக்கும் திசு மிகத் தளர்வானது என்பதால் படுத்திருக்கும்போது நீர் அங்கே சேர்ந்துகொள்ளும். சிறுநீரில் நுரை பொங்கி, கொஞ்ச நேரம் அப்படியே நிற்கும். அல்புமின் சிறுநீரில் ஒழுகுவதன் அடையாளம் அது. ஒரு நாளில் 3.5 கிராமுக்கு மேல் புரதம் போய்க்கொண்டிருந்தால், ரத்தத்தில் அல்புமின் இறங்கி உடம்பே வீங்கிவிடும். ரத்தத்தில் அல்புமின் 3.5 முதல் 5 கிராம் வரை, அதாவது ஒவ்வொரு 100 மில்லிக்கும் அந்த அளவு, இருக்க வேண்டும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். பலர் ரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருளின் அளவை மட்டும் பார்த்துவிட்டு "கிட்னி நார்மல்" என்று வந்துவிடுகிறார்கள். புரதம் ஒழுகும் நோயில் ஆரம்பத்தில் கிரியேட்டினின் சரியாகவே இருக்கலாம். சிறுநீரில் புரதம் பார்க்காமல் கிட்னிக்கு நற்சான்றிதழ் கொடுக்க முடியாது. மறுபக்கம், கால் வீங்கவே இல்லை, அதனால் கிட்னி நன்றாக இருக்கிறது என்ற கணக்கும் தப்பு. சர்க்கரையும் பிரஷரும் உள்ளவர்களுக்குச் சிறுநீரகம் சத்தமில்லாமல்தான் கெடும். அவர்கள் வீக்கம் வந்தாலும் வராவிட்டாலும் வருடத்துக்கு ஒரு முறையாவது இரண்டு பரிசோதனையும் செய்ய வேண்டும்.

கல்லீரல் சுருங்கிப்போனால் வயிற்றில் நீர் சேர்ந்து வயிறு முன்னால் தள்ளும், காலும் வீங்கும், கண் மஞ்சளாகலாம். நீண்ட நாள் மது, நாள்பட்ட மஞ்சள் காமாலைக் கிருமிகள், கல்லீரல் கொழுப்பு ஆகியவை முக்கியக் காரணங்கள். தைராய்டு சுரப்பு குறைந்தால் முகமும் கையும் உப்பி, தோல் வறண்டு, குளிர் தாங்காமல், மலச்சிக்கலும் சோர்வுமாக இருக்கும், டி.எஸ்.எச். பரிசோதனை போதும். கடுமையான ரத்தசோகையும் புரதக் குறைவும்கூட வீக்கம் தரும்.

நிணநீர் அடைப்பால் வரும் வீக்கம் புறங்காலிலும் விரல்களிலும் இறங்கி நிற்கும். கால் இரண்டாம் விரலின் அடியில், மேல்பக்கத் தோலைக் கிள்ளி மடிக்கப் பாருங்கள். மடிக்க வரவில்லை என்றால் சந்தேகம் பலமாகிறது. கொசு பரப்பும் யானைக்கால் நோய், புற்றுநோய்க்காக நெறிக்கட்டிகளை எடுத்தது, கதிர்வீச்சு சிகிச்சை ஆகியவை காரணமாகலாம். மார்பகப் புற்றுநோய் அறுவைக்குப் பிறகு வருடங்கள் கழித்துக்கூட அந்தப் பக்கக் கை வீங்கலாம்.

கர்ப்பிணிகளுக்குக் கடைசி மாதங்களில் கால் கொஞ்சம் வீங்குவது சகஜம். ஆனால் 20 வாரத்துக்குப் பிறகு முகமும் கையும் திடீரென்று உப்பி, விடாத தலைவலி, பார்வையில் பொறி பறப்பது, மேல்வயிற்றில் வலி வந்தால் உடனே பிரஷர் பார்க்க வேண்டும். 140/90 அல்லது அதற்கு மேல் என்றால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

இப்போது கை. கை மட்டும் தனியாக வீங்கினால் சிரை பலவீனத்தையோ இதயத்தையோ முதலில் யோசிக்க மாட்டோம். காலையில் விரல் இறுகுவது பலருக்கு அரை மணிக்குள் சரியாகிவிடும். ராத்திரி உப்பு அதிகமாகச் சாப்பிட்டதும் படுத்திருந்ததும் போதும் அதற்கு. மாதவிலக்குக்கு முன்னால் சில பெண்களுக்கு இது வாடிக்கை. வேகமாக நடக்கும்போது விரல்கள் உப்புவதும் அப்படித்தான், கை நீட்டி மடக்கினால் போய்விடும். ஆனால் இறுக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்து, விரல்களின் நடுமூட்டும் அடிமூட்டும் இரண்டு கையிலும் வீங்கித் தொட்டால் வலித்தால், முடக்குவாதப் பரிசோதனை தேவை. இதைச் சீக்கிரம் கண்டுபிடித்தால் மூட்டு கோணாமல் காப்பாற்றலாம். ஒரு விரல் முழுக்கத் திரண்டு வீங்கினால் சொரியாசிஸோடு வரும் மூட்டுநோயைப் பார்ப்பார்கள். விரல் வீங்கியிருப்பதாகத் தோன்றுகிறது, ஆனால் பார்த்தால் ஒன்றும் இல்லை, ராத்திரி மரத்துப் போகிறது என்றால் மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிறதா என்று பார்க்க வேண்டும்.

ஒரு கை முழுவதும் திடீரென்று வீங்கி நீலம் பாரித்தால் அங்கேயும் சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். முகம், கழுத்து, இரண்டு கை மூன்றும் சேர்ந்து வீங்கி, குனிந்தால் கூடி, கழுத்து நரம்புகள் புடைத்தால், நெஞ்சுக்குள் பெரிய சிரையை ஏதோ அழுத்துகிறது, தாமதிக்கவே கூடாது. இன்னொன்று: அடிபட்டோ பூச்சி கொட்டியோ கை வீங்க ஆரம்பித்தால், முதல் வேலையாக மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

தண்ணீர் குடிப்பதைக் குறைத்தால் வீக்கம் வடியும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. சிறுநீரகமும் இதயமும் நன்றாக இருப்பவருக்கு அதிகத் தண்ணீர் சிறுநீராகப் போய்விடும். வீங்கவைப்பது பெரும்பாலும் உப்புதான். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவு, ஒரு தேக்கரண்டிக்கும் கீழே. தண்ணீர் அளவைக் கட்டுப்படுத்தச் சொல்ல வேண்டியது டாக்டர். கடையில் கேட்டு வாங்கிய நீர் மாத்திரை வேண்டவே வேண்டாம். பொட்டாசியமும் சோடியமும் தாறுமாறாகி இதயத் துடிப்பே தடுமாறலாம். இறுக்கமான மருத்துவ சாக்ஸ் சிரை பலவீனத்துக்கு மிக நல்லது. ஆனால் காலுக்கு ரத்தம் வரும் தமனியில் அடைப்பு இருப்பவருக்கு அதுவே விரலை அழுக வைக்கும். பாதத்தில் நாடி பார்த்து, தேவைப்பட்டால் கால் பிரஷரும் அளந்த பிறகுதான் அதைப் போட வேண்டும். காலை உயர்த்தி வைப்பதென்றால் ஸ்டூலில் வைப்பது அரைகுறை. படுத்துக்கொண்டு, இதயத்தைவிட மேலே இருக்கும்படி தலையணை வைத்து 20, 30 நிமிடம். மூச்சு வாங்குபவர்கள் இதைச் செய்ய வேண்டாம்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு கால், சாயங்காலம், வாரக்கணக்கு, பிரஷர் மாத்திரை. மூச்சு வாங்கவில்லை, முகம் உப்பவில்லை என்றால் என் முதல் சந்தேகம் மாத்திரை மேலும் சிரைகள் மேலும்தான். இந்த வாரத்துக்குள் டாக்டரைப் பாருங்கள். வலி மாத்திரை, நாட்டு மருந்து உட்படச் சாப்பிடும் எல்லாவற்றின் அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். எந்த மாத்திரை எப்போது தொடங்கியது, வீக்கம் எப்போது தொடங்கியது என்று இரண்டு தேதியையும் எழுதிக்கொள்ளுங்கள். சிறுநீரில் புரதம், கிரியேட்டினின், அல்புமின், கல்லீரல் பரிசோதனை, டி.எஸ்.எச்., ஹீமோகுளோபின், இ.சி.ஜி. ஆகியவற்றோடு ஆரம்பிப்பார்கள், எக்கோவும் டாப்ளரும் தேவையா என்பதை உங்களைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். முடிந்தால் சாயங்காலம் போங்கள். காலையில் போனால் கால் வடிந்திருக்கும். அப்படித்தான் போக முடியும் என்றால், முந்தின நாள் மாலை வீங்கிய காலையும் அன்று காலை விரல்களையும் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.